பிடியரிசி டின்

உலையில் போட அரிசி களைவதற்கு முன் அம்மா ஒரு பிடி அள்ளி, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, பழைய பிஸ்கட் டின்னில் போடுவாள். அது ஏழைகளுக்கு. இலங்கையில், கஹவத்தைக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டத்தில் எங்களைப் போல ஏசுவைக் கும்பிடும் வேதக்காரக் குடும்பங்கள் கொஞ்சம்தான். எல்லா வீட்டிலும் இப்படி ஒரு டின் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில், செபம் நடத்தும் உபதேசியார் வாய் பிரித்து வைத்திருக்கும் சாக்கில் அதைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அவர் அதை யார் வீட்டில் கொடுக்கிறார் என்று யாரிடமும் சொல்லமாட்டார்.

டின்னைத் தூக்கிக்கொண்டு போவது என் வேலை. எட்டு வயதில் எனக்கு அதில் பெருமை தாங்கவில்லை. நாங்கள் கொடுக்கிறவர்கள், எங்கேயோ ஏழைகள் வாங்கிக்கொள்கிறார்கள். அவர்களை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டுமென்று ஆசை. வரிசை வரிசையாக நின்ற லயத்து வீடுகளைக் காட்டி உபதேசியாரிடம் கேட்டேன்.

"அந்த ஏழைங்க எந்த லயத்துல இருக்காங்க ஐயா?"

"அது ஆண்டவருக்குத் தெரியும். நீ கொட்டிட்டுப் போ தாயி."

அம்மாவின் ஒரு பிடி எனக்குப் போதவில்லை. அவள் விறகெடுக்கப் போகும் நேரம் பார்த்து நானும் இரண்டு பிடி அள்ளிப் போடுவேன். மோட்சத்தில் இடம் பிடிப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது. அரிசி சீக்கிரமே தீர்வதைப் பார்த்து அம்மா எலிகளைத் திட்டினாள். பாவம், எலிகள்.

அந்த வருஷம், தொண்ணூற்றாறோ ஏழோ, மழை விட்டபாடில்லை. மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குத் தோட்டத்துப் பதிவில் பேர் விழாது, கூலியும் கிடையாது. முதலில் இரவுச் சோறு ரொட்டியானது, ரொட்டி மரவள்ளிக்கிழங்கானது, கடைசியில் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டு வெறும் தேத்தண்ணீர். வீட்டில் அரிசி இல்லாததால் டின்னிலும் எதுவும் விழவில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. நாங்கள் கொடுக்காவிட்டால் ஏழைகள் என்ன செய்வார்கள்?

ஒருநாள் மாலைச் செபத்தில் சத்தம் போட்டே கேட்டேன்.

"ஆண்டவரே, அந்த ஏழைங்க பட்டினி கெடக்காம பாத்துக்கங்க."

முழங்காலில் இருந்த அப்பா செபம் முடியுமுன்னே எழுந்து, வாசலில் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். செபத்தின் நடுவே எழுந்து போனது பாவம் என்று நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் பள்ளிவிட்டு வரும்போது உபதேசியார் எங்கள் வீட்டிலிருந்து வெளியே வந்தார். கக்கத்தில் மடித்த வெறும் பை.

"ஏழைங்களுக்குக் குடுத்துட்டு வர்றீங்களா ஐயா?"

"ஆமா தாயி, குடுத்துட்டேன்" என்றவர் என் முகத்தைப் பார்க்காமல் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். கேட்ட மறுநாளே ஆண்டவர் செய்துவிட்டாரே என்று துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

அன்று எங்கள் வீட்டிலும் சோறு. ஆனால் என்ன சோறு! சிவப்பரிசியும் வெள்ளையரிசியும் சம்பாவும் ஒன்றாய்க் கலந்து, பாதி குழைந்தும் பாதி பல்லில் நறநறத்தும் கிடந்தது.

"என்னம்மா இது, வேகவே இல்ல?"

"பேசாம தின்னுடி. நல்லவங்க கையால வந்த அரிசி."

அந்த அரிசியைக் களைவதற்கு முன்பும் அம்மா ஒரு பிடி அள்ளி டின்னில் போட்டதை நான் பார்த்தேன். கண்ணை வழக்கத்தைவிட அதிக நேரம் மூடியிருந்தாள். எனக்குத்தான் பசியில் பொறுமையில்லை. நல்லவேளை, அன்று நான் என் இரண்டு பிடியைப் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டின்னைக் கொண்டுபோய்ச் சாக்கில் கவிழ்த்தேன். சிவப்பும் வெள்ளையும் சம்பாவுமாக இருந்த சாக்கில், சிவப்பும் வெள்ளையும் சம்பாவுமாக விழுந்தது எங்கள் அரிசி. அதைக் கண்ணால் பார்த்தேன்; பார்த்தும் புரியவில்லை. உபதேசியார் என் தலையில் கை வைத்தார். அந்தக் கை ஏன் அவ்வளவு நேரம் அங்கேயே இருந்தது என்பதும் புரியவில்லை. அண்ணாந்து பார்த்து மறுபடியும் கேட்டேன்.

"அந்த ஏழைங்க வீட்டை எனக்கு எப்ப ஐயா காட்டுவீங்க?"