அண்ணனின் ரிமோட்டில் ஒட்டியிருந்த ஐந்து எண்கள்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கை வணக்கம் கூறி எழுதுகிறேன்.

பந்திங் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர் அண்ணன். அப்பா தவறியபோது அவருக்கு வயது பதினைந்து. பள்ளியை விட்டுவிட்டு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் ஏர்கான் கடையில் சேர்ந்தார். நாங்கள் குடிமாறிய கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் போய் வந்தார். நான் படித்து முடிக்கும்வரை அவர் புதுச்சட்டை போட்டு நான் பார்த்ததில்லை. கோபித்துக்கொண்டும் பார்த்ததில்லை. அந்தக் குணத்தை மட்டும் அவரே வைத்துக்கொண்டார், எனக்குத் தரவில்லை.

நான் மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். நல்ல கையுறையிலும் எங்கேயோ ஓட்டை இருக்கும் என்று நம்புவதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. அண்ணன் சிரிப்பார்.

நாற்பது வயதுக்கு மேல் அவருக்கு ஒரே ஓர் ஆசை வந்தது. ரிமோட்டில் இயங்கும் சின்ன ஹெலிகாப்டர். ஞாயிறு காலைகளில் மேரு பக்கத்துத் திடலில் பறக்கவிடுவார். கூடவே கிள்ளான் ஜவுளிக்கடை பாய் இருப்பார்.

அந்த ஹெலிகாப்டரின் உயிர் திராட்டல் கர்வில் இருக்கிறது என்பார் அண்ணன். ரிமோட்டின் குச்சியை அடியிலிருந்து உச்சிவரை ஐந்து நிலைகளாகப் பிரித்து, எந்த நிலையில் மோட்டாருக்கு எத்தனை விழுக்காடு விசை என்று எண் கொடுப்பது. குச்சி உச்சியில் இருந்தால் இறக்கைகள் ஒரு பக்கமும் அடியில் இருந்தால் மறுபக்கமும் சாய்ந்து காற்றைத் தள்ளும், மோட்டாருக்குச் சுமை கூடும். நடுவில் சுமை குறையும். அதனால் அண்ணனின் எண்கள் தொண்ணூறு, எண்பத்தைந்து, எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு. அவற்றை ஒரு துண்டு டேப்பில் எழுதி ரிமோட்டின் முதுகில் ஒட்டியிருப்பார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

கடைசி ஞாயிறு நானும் திடலுக்குப் போயிருந்தேன். துள்ளிக் குட்டிக்கரணம் போடும் ஹெலிகாப்டர் அன்று மந்தமாக மிதந்தது. நான் தேநீர் ஊற்றி நீட்டினேன்.

"கீழ வைம்மா, அப்புறம் குடிக்கிறேன்" என்றார். ரிமோட்டைக் கழுத்துப் பட்டையில் மாட்டியபடி வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றார். அந்த வியாழக்கிழமை உறக்கத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே பாய் வந்துவிட்டார். "பேட்டரியெல்லாம் சும்மா கிடந்தா உப்பிடும்மா. நான் கொண்டுபோய் பார்த்துக்கிறேன்" என்றார். அண்ணி எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தார். ரிமோட்டை நான்தான் நீட்டினேன். அப்போதுதான் கவனித்தேன். முதுகில் இருந்த எண்கள் அறுபத்தைந்துக்கு இறங்கியிருந்தன. கையெழுத்தும் அண்ணனுடையது அல்ல.

அன்று பிடித்த சந்தேகம் ஒரு வருடம் என்னை விடவில்லை. அந்த மனிதர் அளவுகளைக் குலைத்துவிட்டார், ஹெலிகாப்டர் இனி லாயக்கில்லை என்று அண்ணனை நம்பவைத்திருக்கிறார், ஆசைப்பட்ட பொருளை அமுக்கிக்கொண்டார் என்று முடிவே கட்டிவிட்டேன். அண்ணன் மனமுடைந்துதான் போனார் என்று நினைத்து அழுதிருக்கிறேன். இந்த மலரின் நன்றிப் பக்கத்தில் பாயின் பெயரைச் சேர்க்கச் சொன்னார் அண்ணி. முடியாது என்றேன். "அவரையே போய்க் கேளு" என்றார் அண்ணி. அது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. நேரே கடைக்குப் போனேன்.

"பாய், அண்ணனோட கர்வை மாத்தினது நீங்கதானே?"

"ஆமா தங்கச்சி, நான்தான்."

இத்தனை சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் மேசைக்கடியிலிருந்து துணியில் சுற்றிய ரிமோட்டை எடுத்து என்முன் வைத்தார். "டேப்ப மேல மட்டும் பார்த்தீங்க. அடியில உள்ளதையும் பிரிச்சுப் பாருங்க லா."

நகத்தால் பிரித்தேன். அடியில் இன்னொரு டேப். எழுபத்தைந்து என்று தொடங்கிய எண்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்திருந்தன. அதற்கும் அடியில் எண்பத்திரண்டு, லேசாக நெளிந்து. எல்லாவற்றுக்கும் கீழே தொண்ணூறு, அண்ணனின் நேரான, அழகான கையெழுத்தில்.

"அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. சுத்துற வேகத்தைக் குறைச்சா கை ஆடினாலும் மெஷின் துள்ளாது. அவரே மூணு மாசத்துல ரெண்டு தடவை இறக்கினாரு. கடைசில எழுத முடியல, நீ எழுதுடான்னாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்களுக்குத் தெரிஞ்சா நோண்டி நோண்டிக் கேட்டு ஹாஸ்பிட்டலுக்கு இழுத்துட்டுப் போயிடுவீங்களாம். ரிமோட்டைப் பூட்டி வச்சிடுவீங்களாம். இன்னும் கொஞ்ச நாள் பறக்கவிட்டுக்கிறேன்னாரு. வீட்டுல அண்ணிக்கு மட்டும் தெரியும்."

அண்ணன் என்னைச் சரியாகத்தான் கணித்திருக்கிறார். நான் அப்படித்தான் செய்திருப்பேன்.

அண்ணனின் இறுதி நாளில் தோள் கொடுத்தவர்களுக்கும், சமைத்துப் பரிமாறியவர்களுக்கும், தொலைவிலிருந்து வந்து அண்ணிக்குத் துணையிருந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எல்லாருக்கும் முன்னால் ஜவுளிக்கடை பாய்க்கு நன்றி. நான் உங்களைத் தவறாக நினைத்தேன் என்பதை இங்கே எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கண்ணுக்குத் தெரியாத ஓட்டையைக்கூடக் கண்டுபிடிப்பவள் என்று எனக்குத் தொழிற்சாலையில் பெயர். அன்று திடலில் நான் நீட்டிய தேநீரை அண்ணன் கையில் வாங்கவில்லை. அதை மட்டும் நான் சந்தேகிக்கவே இல்லை.