படகுக்கு விலை சொன்ன உடையப்பன்

என் பெரியப்பா உடையப்பன் மாட்டுத் தரகர். செம்பட்டியில் வீடு. முப்பத்தொரு வருஷமாகச் சந்தையில் மாட்டின் உதட்டைத் தூக்கி, பல்லைப் பார்த்து வயசு சொல்கிறார். நாலு காலில் நிற்பதற்கு இவ்வளவு சரியாக விலை சொல்கிறாரே என்று, ரெண்டு சக்கரத்துக்கும் மூணு சக்கரத்துக்கும்கூட அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரும் போவார். பழைய பைக்கின் சீட்டைத் தடவுவார், பத்தடி தள்ளி நின்று பார்ப்பார், ஒரு தொகை சொல்வார். பாதி நேரம் சரியாக இருக்கும். மீதி நேரம் வாங்கினவன் வெட்கப்பட்டு வெளியே சொல்ல மாட்டான்.

காலும் இல்லாத, சக்கரமும் இல்லாத ஒன்றுக்கு அவரை விலை சொல்லக் கூப்பிட்டது அவர் தங்கை, என் அத்தை அன்புக்கரசி. பாலசமுத்திரத்தில் வாக்கப்பட்டவர். அந்தப் பக்கத்துப் பெரிய குளத்தில் மீன் பிடிக்கும் குத்தகை இந்த வருஷம் அத்தைக்குக் கிடைத்தது. போன வருஷம் வரை குத்தகை எடுத்திருந்தவர் ஆரோக்கியதாஸ். திண்டுக்கல் நாகல் நகரில் மீன்கடை வைத்திருக்கிறார். அவர் தன் மோட்டார் படகை விற்கப்போகிறார் என்று தெரிந்ததும் அத்தை தன்னுடைய ரெண்டு கறவை மாட்டையும் விற்றுவிட்டார். விற்றுக் கொடுத்ததே பெரியப்பாதான். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிடைத்தது. படகு சரியில்லை என்றால் அத்தைக்குப் பாலும் இல்லை, மீனும் இல்லை.

"நீங்க வந்து பாத்துச் சொல்லுங்கண்ணா. நீங்க சரின்னா நான் கண்ணை மூடிட்டு வாங்கிக்குவேன்" என்று அத்தை போனில் சொன்னார்.

"எனக்கு நீச்சலே தெரியாதேம்மா" என்றார் பெரியப்பா.

பள்ளிக்கூடமும் நானும் பத்தாவதோடு பிரிந்துவிட்டதால், பெரியப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது என் வேலை. ஒட்டன்சத்திரம் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது.

"ஏத்தா தீபா, படகுக்கு எதைப் பாத்து வயசு சொல்லுவாக?"

"பல்லைப் பாத்துத்தான் பெரியப்பா. பின்பக்கம் தண்ணிக்குள்ள இருக்கும்."

அவர் ம் கொட்டினார். நான் விளையாடுகிறேன் என்று புரிந்துகொண்டார் என்றே நினைத்தேன்.

படகு குளக்கரையில் மூக்கை மண்ணில் வைத்துக்கொண்டு நின்றது. வெள்ளை ஃபைபர் படகு. ஒரு கருவேல மரத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ஆரோக்கியதாஸ் சட்டையை இன் பண்ணிக்கொண்டு தயாராக நின்றார்.

"படகுக்குப் பதினோரு வருஷம் ஆச்சு. ஆனா எஞ்சின் வாங்கி ரெண்டு வருஷந்தான். பழசு சின்னது, தூக்கிப் போட்டுட்டுப் பெருசா போட்டிருக்கேன். ஒண்ணு நாப்பது குடுங்க."

பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டித் தண்ணீரில் இறங்கினார். தொடை வரை நனைந்ததும் முகம் கொஞ்சம் வெளுத்தது. படகின் பின்னால் போய் எஞ்சினுக்குக் கீழே கையை விட்டுத் தடவினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் மரத்துக்குப் பின்னால் போய்விட்டேன்.

"மூணு பல்லுதான் இருக்கு. அதுலயும் ஒண்ணு மூளி."

ஆரோக்கியதாஸின் முகம் மாறிவிட்டது. "விசிறியா... அது ஒரு தடவை பாறையில தட்டிருச்சுங்க. சரி, ஒண்ணு முப்பதா குடுங்க."

என் கேலிக்குப் பத்தாயிரம் ரூபாய் விலை உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு பெரியப்பாவுக்குக் கணக்கு ஓடவில்லை. படகைச் சுற்றிக் கரையிலேயே நடந்தார்.

"கன்னோட நிக்கிற மாட்டுக்கு ஒரே விலைதான், கன்னைத் தனியா எண்ண மாட்டோம். படகு தாய், எஞ்சின் கன்னு. தாய் கிழடு."

"என்னங்க, கன்னுங்கிறீக. படகை இழுக்கிறதே எஞ்சின்தாங்க" என்றார் ஆரோக்கியதாஸ்.

"அப்ப அது காளை. படகு வண்டி." பெரியப்பா நின்றார். "வண்டின்னா கணக்கு வேற."

"ஏனுங்கண்ணா, கடைசியில இது மாடுங்களா, வண்டிங்களா?" என்று அத்தை கேட்டார்.

"அதுதாம்மா எனக்கும் பிடிபடலை."

"பதினொண்ணையும் ரெண்டையும் கூட்டிச் சராசரி போட்டா ஆறரை வயசு பெரியப்பா" என்றேன்.

"ஆறரைன்னா நல்ல வயசுதான்" என்றார் அவர், யோசனையோடு.

"ஆமாங்க, நல்ல வயசு" என்று ஆரோக்கியதாஸ் பிடித்துக்கொண்டார்.

சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கடியில் கையைப் பிடித்து விரல் கணக்கில் பேசுவார்கள். பெரியப்பா பழக்கதோஷத்தில் துண்டை விரித்து ஆரோக்கியதாஸின் கையைப் பிடித்தார். அவர் ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று பக்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார். ரெண்டு பேரும் அப்படியே நின்றார்கள். பொறுக்க முடியாமல் அத்தைதான் வாயைத் திறந்தார்.

"எங்கிட்ட ஒண்ணு பத்துதானுங்க இருக்குது."

தரகர் பக்கத்தில் இருக்கும்போது கையிருப்பைச் சொன்ன ஆளைப் பெரியப்பா அதுவரை பார்த்ததில்லை. ஆரோக்கியதாஸ் கண்ணைத் திறந்து, "சரி, அதையே குடுங்க" என்றார். அத்தை பையோடு பணத்தைக் கொடுத்துவிட்டார்.

விலை முடிந்ததும் செய்ய வேண்டியது பெரியப்பாவுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். மாட்டை விற்கிறவன் தன் கயிற்றோடு விற்க மாட்டான். கயிறு போனால் வீட்டு லட்சுமியும் கூடப் போய்விடும் என்பார்கள். தரகர் அதை அவிழ்த்து, விற்றவன் கையில் கொடுப்பார். வாங்குகிறவன் புதுக்கயிறு போட்டுக்கொள்வான். கயிறு கை மாறிவிட்டால் அதற்கப்புறம் குறை சொல்லக் கூடாது. மாடு தெருமுனையில் விழுந்து செத்தாலும் வாங்கினவன் பாடு. இந்தச் சட்டத்தைச் சொல்லிப் பெரியப்பா எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அழுதுகொண்டு வந்தவர்களையும்தான்.

அவர் போய்ப் படகின் கயிற்றை அவிழ்த்தார். அழகாகச் சுருட்டினார். ரெண்டு கையாலும் ஆரோக்கியதாஸிடம் கொடுத்தார். அவரும் வாங்கிக்கொண்டார். மரியாதையாகச் செய்ததைப் பார்த்து நாங்கள் மூன்று பேரும் மரியாதையாகவே நின்றுவிட்டோம். காற்று மட்டும் மரியாதை பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது படகு முப்பதடி தள்ளிப் போயிருந்தது.

"அண்ணா, படகு போகுதுங்க" என்றார் அத்தை.

"இப்ப அது யாரு படகுங்க?" என்று ஆரோக்கியதாஸ் கயிறும் கையுமாகக் கேட்டார்.

பெரியப்பா போகிற படகையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தையிலும் அவர் கடைசியாக மாட்டை அவிழ்த்துவிட்டு, நடக்கவிட்டுப் பின்னால் நின்று பார்ப்பார். அந்தப் பார்வை.

"இடுப்பு விழுந்துருக்கு" என்றார் மெதுவாக. "பின்னத்தி இறங்கிப் போகுது பாருங்க."

மண்ணில் மூக்கை வைத்திருந்தவரை அது தெரியவில்லை. இப்போது முன்பக்கம் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் தண்ணீரோடு தண்ணீராக இருந்தது.

மீன்காரர்களின் தெர்மாகோல் தெப்பம் ஒன்று கரையில் கிடந்தது. அத்தை சேலையைச் செருகிக்கொண்டு அதில் உட்கார்ந்து, ஒரு பலகைத் துண்டால் துழாவிக்கொண்டே போய்விட்டார். பெரியப்பா கழுத்துத் துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றார். அத்தை படகில் ஏறியதும்தான் எடுத்தார்.

"எஞ்சின் மாட்டியிருக்கிற பலகை கீறியிருக்குதுங்கண்ணா" என்று அங்கிருந்து குரல் வந்தது. "கணுக்கால் தண்ணி நிக்குதுங்க."

பெரியப்பா ஆரோக்கியதாஸைப் பார்த்தார்.

"போன மாசம் லேசா கசிஞ்சுச்சு, பசை வச்சு அடைச்சேன்" என்றார் அவர், தரையைப் பார்த்து. "புது எஞ்சின் கனம் அதுக்குத் தாங்கலை போல."

கிழட்டு மாட்டின் இடுப்பில் ரெண்டு மூட்டையைக் கூடுதலாக ஏற்றிவிட்டு, மூட்டை புதுசு என்று விலை கேட்டிருக்கிறார். எனக்கே புரிந்தது. ஆனால் பெரியப்பா ஆரோக்கியதாஸின் கையிலிருந்த கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டியதுதானே என்று தோன்றியது. அப்புறம்தான், அழுதுகொண்டு வந்தவர்களையும் அவர் திருப்பி அனுப்பியது ஞாபகம் வந்தது.

குளத்துக்குள் அத்தை எஞ்சினை இழுத்து இழுத்துப் பார்த்தார். மூன்றாவது இழுப்பில் உறுமியது. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் பெரியப்பா கேட்டார்.

"தம்பி, அந்தக் கயிறைத் திருப்பித் தாங்க."

ஆரோக்கியதாஸ் உடனே நீட்டிவிட்டார்.

"இந்தாங்க. இதை எனக்கு எதுக்குக் குடுத்தீகன்னே தெரியாமத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

பெரியப்பாவுக்கு அது காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. "காளைக்கு மட்டும் விலை தாரோம். வண்டி இனாம். எண்பது."

ஆரோக்கியதாஸ் குளத்தைப் பார்த்தார். படகு தண்ணீரைச் சுமந்துகொண்டு ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது. பிறகு பையிலிருந்து முப்பதாயிரத்தை எடுத்து நீட்டினார். இருபதாயிரத்துக்குள் பின்பலகை மாற்றிவிடலாம், தனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறான் என்று போன் நம்பரும் கொடுத்தார். கெட்டவர் இல்லை.

திரும்பும்போது, செம்பட்டி நெருங்கிய இடத்தில் பெரியப்பா என் தோளைத் தட்டினார்.

"ஏத்தா. கயிறைத் திருப்பிக் கேட்டதை சந்தையில சொல்லிராத."

"சொல்ல மாட்டேன்."

அடுத்த சந்தையில் டீக்கடை முன்னால் பத்துப் பேர் மத்தியில், கேட்பாரற்றுப் போன படகையும் கண்ணை மூடி நின்ற மீன்கடைக்காரரையும் நான் நடித்துக் காட்டினேன். பெரியப்பாவே துண்டால் வாயை மூடிச் சிரித்தார். கூட்டத்தில் வயசான தரகர் ஒருவர் மட்டும் சிரிக்காமல் கேட்டார்.

"எல்லாஞ் சரி. கயிறை முறைப்படி குடுத்தாரா?"

பெரியப்பா டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுத்தாரு" என்றேன். "ரெண்டு கையாலயும்."