நெமேசியோவுக்கான சக்கரம்

சிக்கரி ஆலையில் காலை முறை முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல், தலையில் கட்டிய துணியையும் அவிழ்க்காமல், ஒதீல் இரண்டு சைக்கிள் சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு பீட்ரூட் வயலோரமாக நடந்தாள். ஒன்று முன்சக்கரம், மற்றது பின்சக்கரம். பெரிய கனமெல்லாம் இல்லை. ஆனால் விடிவதற்கு முன்பிருந்து நின்று நின்று கால் வீங்கிப் போனவளுக்குக் காகிதம்கூடக் கனக்கத்தான் செய்யும். வறுத்த சிக்கரியின் வாடை அவள் மேலெல்லாம் அடித்தது. எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. சக்கரம் பிடிப்பவர்கள் உட்காரக் கூடாது.

முந்தின நாள் சாயங்காலம் சைக்கிள் பந்தய அணியின் மேலாளர் ஒக்தாவ் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, அந்தச் சக்கரங்களை அவள் கையில் திணித்துவிட்டுப் போயிருந்தார்.

“உங்க ஊரு கல்ரோட்டுல எங்க காரு பின்னாடி மாட்டிக்கிச்சுன்னா நீதாம்மா கதி. ஆனா ஒண்ணு. இது நெமேசியோவுக்கு மட்டும். வேற எவன் வந்து கெஞ்சினாலும் குடுத்துடாத.”

“என் புருஷன் வந்து கெஞ்சினா?”

ஒக்தாவ் சிரித்தார். “அவன் கெஞ்ச மாட்டான். அதுக்குத்தானே அவன வெச்சிருக்கோம்.”

அந்த மனுஷர் வாயிலிருந்து வந்ததிலேயே உண்மையான வார்த்தை அதுதான். ஒதீலின் புருஷன் கிஸ்லேன் பீரோ மாதிரி ஆள். அணித் தலைவனுக்குத் துணையாக ஓட்டுகிறவன். காற்றடித்தால் தலைவனுக்கு முன்னால் போய் நெஞ்சைக் கொடுக்க வேண்டும். தாகமெடுத்தால் காருக்குத் திரும்பிப் போய்ச் சட்டைக்குள் பாட்டில்களை அடைத்துக்கொண்டு வர வேண்டும். தலைவனுக்குப் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ரோட்டோரம் நிற்க வேண்டும். இதற்குத்தான் சம்பளம். கல்யாணமான நாளிலிருந்து அவன் இதைத்தான் செய்கிறான். மகள் பிறந்தபோது இத்தாலியில் எவனுக்கோ தண்ணீர் சுமந்துகொண்டிருந்தான். ஒதீலின் அப்பா செத்தபோது ஸ்பெயினிலிருந்து தந்தி மட்டும் வந்தது. வீட்டில் இருக்கும் நாட்களில் அவன் தூங்கினான். அவள் அழுக்குத் துணி துவைத்தாள். அலுத்துப்போயிற்று அவளுக்கு.

ஆனால் அவன் ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். மூன்று வாரம் நடக்கும் பெரிய பந்தயத்தை ஒரே ஒரு தடவை பாரிஸ் வரை ஓட்டி முடித்துவிட்டால் வண்டியைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிடுவான். நகராட்சியில் லாரி ஓட்டுகிற வேலை காத்திருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வருகிற வேலை. நாலு தடவை கிளம்பியும் பாரிஸ் மட்டும் கிட்டவில்லை. ஒரு தடவை தோள்பட்டை எலும்பு, ஒரு தடவை வயிறு, ஒரு தடவை பள்ளத்தில் விழுந்தது. கடைசித் தடவை கெடு. அன்றைக்கு முதலாவதாக வந்தவனுக்குப் பின்னால் குறித்த நேரத்துக்குள் வந்து சேராதவனை மறுநாள் சேர்க்க மாட்டார்கள். எவனுக்காகவோ காத்துக்கொண்டு நின்றதில் அதுவும் போயிற்று.

அதனால், அந்தப் பந்தயம் அவர்கள் ஊர் வழியாகவே வருகிற இந்த வருடம் ஒதீல் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஜெயிக்க வேண்டும் என்றெல்லாம் வேண்டவில்லை. கடைசி ஆளாகவாவது பாரிஸ் போய்ச் சேரட்டும், ஆளை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடு என்றுதான் வேண்டினாள்.

ரோட்டோரத்தில் கூட்டம் நெரிந்தது. பக்கத்து வயல்காரன் லெயோன்ஸ் டிரான்சிஸ்டரை வேலிக்கம்பத்தில் தொங்கவிட்டு, உருளைக்கிழங்கு வறுவலைப் பொட்டலத்தோடு நீட்டினான்.

“தின்னு. முகம் செத்துப்போய்க் கிடக்கு. எங்க உன் சுண்டெலி?”

சுண்டெலி என்றால் அணித் தலைவன் நெமேசியோ. ஸ்பெயினின் மலைப்பக்கத்து ஆள். ஊட்டம் போதாத பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருப்பான். மேட்டில் ஆடு மாதிரி ஏறிவிடுவான். இங்கே அந்த லேசான உடம்பைக் கற்கள் தூக்கித் தூக்கிப் போடும். ஒவ்வொரு கல்லும் ஒரு ரொட்டி அளவு; நடுவே சக்கரம் சிக்குகிற சந்து. மழை பெய்தால் சேறு, காய்ந்தால் மாவு மாதிரித் தூசி.

“மலையில ரெண்டு நிமிஷம் சேக்க நாலு நாள் நாக்குத் தள்ளணும். அத இங்க தொலைக்க ஒரு ஓட்டை டியூப் போதும்” என்றான் லெயோன்ஸ். “உன் ஆளு அவன மடியில உக்கார வெச்சுத்தான் கூட்டிட்டு வரணும்.”

“அதையும் செய்வான், சொன்னா.”

“முத்தம் குடுக்க நிறுத்துவானா இன்னிக்கு?”

அது ஒரு வழக்கம். பந்தயம் ஒருவனுடைய சொந்த ஊர் வழியாகப் போனால் மற்றவர்கள் அவனை முன்னால் போகவிடுவார்கள். அவன் இறங்கி, பெண்டாட்டி பிள்ளைக்கு முத்தம் கொடுத்துவிட்டு மறுபடி வந்து சேர்ந்துகொள்வான். ஆனால் கல்ரோட்டு நாளில் எவன் யாருக்கு வழிவிடுவான்? எல்லாரும் முன்னால் இருக்கத்தான் முழங்கையால் இடித்துக்கொள்வார்கள்.

“இன்னிக்கா? போய்யா” என்றாள் ஒதீல்.

ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. பீட்ரூட் வயலுக்கு அப்பால் தூசி எழும்பியது. முதல் கும்பல் தடதடவென்று கடந்து போனபோது காலடியில் தரை அதிர்ந்தது. எல்லா முகமும் ஒரே தூசி நிறம். அந்தக் கும்பலில் கிஸ்லேனும் இல்லை, நெமேசியோவும் இல்லை. முந்தைய கல்ரோட்டில் இருபது முப்பது பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்துவிட்டார்கள், வழி அடைத்து அணிகளின் கார்களெல்லாம் அந்தப் பக்கமே நிற்கின்றன என்று டிரான்சிஸ்டர் கத்தியது. நெமேசியோவும் விழுந்தவர்களில் ஒருவன்.

கொஞ்ச நேரத்தில் ஒருவன் தனியாக வந்தான். பெரிய உடம்பு. பின்சக்கரம் பஞ்சராகித் தட்டையாகிக் கல்லில் டங்கு டங்கென்று மோதியது. அவள் முன்னால் வந்து காலை ஊன்றி நின்றான் கிஸ்லேன்.

கூட்டத்துக்கு என்ன தெரியும்? ஊர்க்காரன் பெண்டாட்டியைப் பார்க்க நின்றுவிட்டான் என்று நினைத்துக்கொண்டது. கைதட்டல் பிய்த்துக்கொண்டு போயிற்று. “முத்தம்! முத்தம்!” என்று கத்தினார்கள்.

“நெமேசியோ போயிட்டானா?” என்று கேட்டான் கிஸ்லேன். பல்லெல்லாம் மண்.

“இல்ல. பின்னாடி விழுந்து கிடக்கானாம். இந்தா, பிடி.” ஒதீல் பின்சக்கரத்தை நீட்டினாள். “சீக்கிரம் மாட்டிக்கிட்டுக் கிளம்பு.”

அவன் கையை நீட்டவில்லை. “அது அவனோடது.”

“எனக்குத் தெரியாதா? மாட்டு!”

“அவன் பஞ்சராகி வந்தா?”

“வராமப் போனா? உன் காரு எங்கயோ மாட்டிக்கிட்டுக் கிடக்கு. இப்பப் போனா கெடுவுக்குள்ள போயிடலாம். கிஸ்லேன், நான் சொல்றதக் கேளு. வாழ்க்கையில ஒரு தடவ கேளு.”

“முத்தம்! முத்தம்!” என்றது கூட்டம். எவளோ ஒருத்தி பூங்கொத்தை வேறு வீசினாள்.

“விழுந்தவன விட்டுட்டுப் போகச் சொல்றியா?”

“ஆமா! விட்டுட்டுப் போ! எங்கள விட்டுட்டுப் போகல நீ? எத்தன தடவ போன? இவன ஒரு தடவ விட்டுட்டுப் போனா உனக்கு என்ன குறைஞ்சிடும்?” சக்கரத்தை இன்னும் கிட்டே நீட்டினாள். “பாரிஸ் போய்த் தொலச்சுட்டு வீட்டுக்கு வாடா. எனக்கு முடியல.”

அவன் அவளைப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவன் முகத்தில் கோபமே இல்லை, களைப்புத்தான் இருந்தது. கைப்பிடியிலிருந்து விரல்களைப் பிரித்தான். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து சிவந்து கிடந்தன. ஒரு நொடி அந்தக் கை சக்கரத்தை நோக்கி வந்தது. வாங்கிக்கொள்வான் என்றே அவள் நம்பினாள்.

அதற்குள் “சுண்டெலி! சுண்டெலி வருது!” என்று லெயோன்ஸ் கத்தினான்.

நெமேசியோ முட்டியில் ரத்தம் வழிய, அழுகிற முகத்தோடு வந்தான். அவனுக்கும் பின்சக்கரம் நசுங்கியிருந்தது. ஒதீல் தன்னையறியாமல் சக்கரத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். கிஸ்லேன் வண்டியைக் கீழே போட்டான். அவள் தோளுக்கு மேலே கையை விட்டு, சக்கரத்தைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. மறுபடி இழுத்தான். அவள் விரலில் கம்பி கீறிக்கொண்டு சக்கரம் போயிற்று.

கண்மூடித் திறப்பதற்குள் மாட்டிவிட்டான். நெமேசியோவின் முதுகில் கையை வைத்து, கல்லின்மேல் தொப்புத் தொப்பென்று ஓடி, தள்ளிவிட்டான். சின்ன உடம்பு தூசிக்குள் போய் மறைந்தது. கூட்டம் அப்போதுதான் விஷயம் புரிந்து அடங்கிப்போயிற்று.

“லூசு” என்றான் லெயோன்ஸ். மரியாதையாகத்தான் சொன்னான்.

கிஸ்லேன் தட்டைச் சக்கரத்திலேயே ஏறினான். கிளம்பும்போது அவளிடம் என்னவோ சொன்னான். காதில் விழவில்லை. அவள் கேட்கவும் விரும்பவில்லை. டங்கு டங்கு என்கிற சத்தம் மட்டும் ரொம்ப தூரம் கேட்டுக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த முன்சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த கல்ரோட்டையும் அவன் அந்தச் சக்கரத்திலேயே கடந்திருக்கிறான். அணிக் கார் வந்து சேர்ந்தபோது நேரம் கைமீறிப் போயிருந்தது. நெமேசியோ நாலு நிமிடம் இழந்தான். மலை ஒன்றைக்கூடப் பார்ப்பதற்கு முன்பே அவனுடைய பந்தயம் பாதி முடிந்துவிட்டது. கிஸ்லேனுடைய பந்தயம் முழுசாக முடிந்தது. கெடு தாண்டியவர்களின் பெயர்களை ரேடியோக்காரன் வாசித்தபோது அவன் பெயரைத் தப்பாக உச்சரித்தான். லெயோன்ஸ்தான் தன் வேனில் போய் அவனைக் கூட்டி வந்தான்.

மறுநாள் மத்தியானம் அடுப்பங்கரை மேஜைமுன் உட்கார்ந்திருந்தான் கிஸ்லேன். இரண்டு கையிலும் மணிக்கட்டு வரை கட்டு. கரண்டி பிடிக்க முடியவில்லை. பீரில் வேகவைத்த மாட்டிறைச்சியை ஒதீல் அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஆலையில் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் விட்டிருந்தார்கள், திரும்பிப் போக வேண்டும். அவள் யோசித்துப் பார்த்தாள். சரி, பாரிஸ் இல்லை. ஆனால் வயதாகிவிட்டது, ஜெயித்த பெயரில்லை, கெடு தாண்டி வெளியே வந்தவன். இனி எவன் கூப்பிடப் போகிறான்? பாரிஸ் போகாமலே வீடு வந்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நினைப்பில் அவளுக்கு நேற்றிலிருந்து முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது.

தொலைபேசி அடித்தது. ஒதீல் எடுத்து, வயரை மேஜைவரை இழுத்து, அவன் காதில் வைத்துப் பிடித்தாள். ஒக்தாவின் குரல் வீடு முழுக்கக் கேட்கிற குரல்.

“டேய், நாலு நிமிஷம்தான் போச்சு! நீ மட்டும் இல்லன்னா பத்து போயிருக்கும். நெமேசியோ என்ன சொல்றான் தெரியுமா? அடுத்த வருஷம் கிஸ்லேன் இருந்தாத்தான் கையெழுத்து போடுவேங்கிறான். முதலாளியும் சரின்னுட்டாரு. என்ன சொல்ற?”

கிஸ்லேனின் முகம் மலர்ந்தது. கல்யாண நாளில்கூட ஒதீல் அதை அப்படிப் பார்த்ததில்லை.

“இருக்கேன்னு சொல்லுங்க.”

“பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கப்பா.”

“அவகிட்ட என்ன கேக்கிறது?” என்றான் கிஸ்லேன். அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். அவளைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுகிறானாம். “நேத்து நானே ஒரு நிமிஷம் தடுமாறிட்டேன். இவதான் சக்கரத்த நெமேசியோவுக்குன்னு கெட்டியாப் பிடிச்சிக்கிட்டிருந்தா.”

“தங்கம்டா உன் பொண்டாட்டி! அடுத்த வருஷமும் அவதான் நிக்கணும் அங்க.”

ஒதீலுக்குக் கை வலித்தது. ரிசீவரை அவன் காதிலிருந்து எடுத்துத் தன் வாய்க்குக் கொண்டுவந்தாள்.

“நான் குடுக்கல” என்றாள். “பிடுங்கிட்டுப் போனான்.” வைத்துவிட்டாள்.

“ஏய், பேசிட்டிருந்தாருல்ல…” கிஸ்லேன் கட்டுப்போட்ட கைகளை மேஜைமேல் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். கொஞ்சம் பயந்த மாதிரி இருந்தது. “ஒரே ஒரு வருஷம், ஒதீல். பாரிஸ் மட்டும் ஒரு தடவ போயிட்டு வந்துட்டேன்னா…”

கத்த வேண்டும்போல்தான் இருந்தது. அதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே. தட்டில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது, ஆலைச் சங்கு ஊத நேரமாகிவிட்டது. அவள் கரண்டியை எடுத்தாள்.

“வாயத் திற” என்றாள்.