விருந்தாளிக்கு மட்டும் கேஸ்

ஆயர் ஈத்தாமில் பஸ்ஸை விட்டிறங்கி, ஜாதிக்காய்த் தோட்டத்து வழியாக மலையேறினால் எங்கள் வீடு. அடுப்படிக்கு ஒரே ஒரு ஜன்னல். அதையும் என் மாமனார் பலகை வைத்து ஆணியடித்துவிட்டார். திறந்தால் குரங்குகள் நுழைந்து சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிடுமாம். குரங்கு உள்ளே வரக்கூடாது, சரி. புகை வெளியே போக வேண்டாமா? கேட்டால் நான் வாயாடி.

தோட்டத்தில் விழுகிற கிளைகள்தான் எங்கள் விறகு. மழை பெய்தால் அது எரியாது, புகையும். ஊதி ஊதி என் கண் கோவைப்பழமாகிவிடும். என் கண் கிடக்கட்டும். என் மகளுக்கு இளைப்பு. நான் அடுப்பு மூட்டினால் தட்டிக்கு அந்தப் பக்கம் அவள் நெஞ்சு விசிலடிக்கும். புகை நிற்காத வரை மருந்து மட்டும் போதாது என்று கிளினிக் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மறுநாளே என் வீட்டுக்காரர் கேஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு மேலே வந்தார். எனக்கு அன்றுதான் தீபாவளி. மாமனார் ரப்பர் குழாயைக் கழற்றித் தன் அறைக்குள் வைத்துக்கொண்டார். அந்த அறையில் மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார்.

"வெடிச்சிருச்சுன்னா இந்த மேட்டுல பொம்பா வண்டி ஏறுமா? ஏறாதுலா! படுத்திருக்கிறவள யாரு தூக்கிட்டு ஓடுறது?"

தீயணைப்பு வண்டி ஏறாது என்பது உண்மைதான். அதற்காக?

"மாமா, புள்ளைக்கு மூச்சு முட்டுது!"

"என் புள்ளைங்க எல்லாம் இந்தப் புகையிலதானம்மா வளந்துச்சு."

யாராவது வந்தால் மட்டும் குழாயை மாட்டுவார். காப்பித் தண்ணீர் கொதிக்கும்வரை காவல் நிற்பார். வந்தவனுக்குக் கேஸ், என் பிள்ளைக்குப் புகை! என் வீட்டுக்காரரோ, "அப்பாகிட்ட நான் எப்படிச் சொல்றது? ஃப்ளாட் கிடைச்சா போயிடலாம்லா" என்பார். இன்னும் கிடைத்தபாடில்லை.

ஒரு மழைக்காலையில் மூச்சுக்குத் தவித்தவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தேறியதும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. செபராங் ஜெயாவில் அக்கா வீட்டில் விட்டுவிட்டேன். நீயும் இங்கேயே இருந்துவிடேன் என்றாள் அக்கா. மாமியாரைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்ட வேறு யார் இருக்கிறார்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டவள் இருமத் தொடங்கினாள். தானே இறங்கிக்கொண்டு, "அம்மா, குளிச்சிட்டு வா. உன்மேல புகை வாடை அடிக்குது" என்றாள். குளித்து, அக்காவின் உடுப்பைப் போட்டுக்கொண்ட பிறகுதான் மடியில் வந்து படுத்தாள். அயர்ந்து தூங்கினாள். நெஞ்சில் சத்தமே இல்லை.

கிளம்பும்போது, "வீட்டுக்குப் போலாமாடி?" என்று சும்மாதான் கேட்டேன்.

"உங்க வீட்டுக்கா? நான் வரலம்மா."

பிள்ளை நன்றாக மூச்சு விடுகிறாளே என்று சந்தோஷப்பட வேண்டியவள் நான். பாவி, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு, கழற்றிப் போட்டிருந்த அதே சுடிதாரை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மாமியாருக்கு ராத்திரிக் கஞ்சி வைக்க வேண்டும்.