மணி அடித்தவள் எழுதுவது

பிரகாசி அக்கா போய்விட்டா என்ற செய்தி இரண்டு ரோசாப்பூப் படங்களுக்கு நடுவில்தான் எனக்கு வந்தது.

விடிந்து கொஞ்ச நேரம். ஊர்காவற்றுறைக் கரையில் நண்டு வலையோடு இருந்தோம். என் கை முழுக்கச் சேறும் நண்டுக் கழிவும். அதனால் பக்கத்தில் இருந்த சறோசாதான் போனைப் பார்த்து வாசித்தாள். எங்கள் மாதர் சங்கத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. முதலில் ஒரு ரோசாப்பூ, "இன்று கண் விழித்ததற்கு நன்றி சொல்வோம்" என்று. அதன் கீழே, "எங்கள் பிரகாசி அக்கா இன்று அதிகாலை ஆஸ்பத்திரியில் காலமானார்." அதற்கும் கீழே இன்னொரு ரோசாப்பூ, "நல்லதே நினைப்போம், நல்லதே நடக்கும்." அனுப்பினவள் மேலே என்ன கிடக்கிறது என்று பார்க்காமலே அனுப்பிவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும். எனக்கு அப்போது அழுகை வரவில்லை. கையில் இருந்த நண்டைக் கழற்றிக் கூடைக்குள் போட்டேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டது கனடாவில் இருக்கிற அக்காவின் மகள் நிரோ.

"றெஜினா அன்ரி, அம்மாவோடை கூடப் பழகினது நீங்கள்தானே. ஒரு பக்கம் எழுதித் தாங்கோ."

"பிள்ளை, நான் அஞ்சாம் வகுப்பு. அதிலையும் பாதி நாள் இடம்பெயர்ந்து திரிஞ்சது."

"அது பரவாயில்லை அன்ரி. ஆனா பொசிட்டிவா எழுதுங்கோ. அம்மா எப்பவும் சிரிச்ச முகம், ஒரு நாளும் குறை சொல்லாதவா எண்டு."

ஓம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டுத் தனியே இருந்து சிரித்தேன். அவவை அறிந்த நீங்களே சொல்லுங்கள். காலமை தேத்தண்ணி குடிக்க முன்னம் பிரகாசி அக்காவோடு கதை கொடுத்த எவரும் இரண்டாம் நாள் அந்தப் பிழையைச் செய்ததில்லை. குறை சொல்லாதவாவாம். இந்தத் தீவில் அவ குறை சொல்லாத பொருள் ஒன்று இருந்தால் அது இன்னும் கரைக்கு வரவில்லை என்று அர்த்தம். சோளகக் காற்று, நேரத்துக்கு வராத ஏழரை பஸ், பூசையில் நீட்டிப் பிரசங்கம் வைக்கிற சுவாமி, எல்லாருக்கும் பங்கு உண்டு. சுவாமிக்கு உள்ளதை முதல் வரிசை வாங்கிலேயே இருந்து சொல்லுவா.

செத்தவீட்டில் ஒருத்தி என் காதுக்குள், "பாரடி, சிரிச்சபடி கிடக்கிறா" என்றாள். அது பிரேதத்தை எம்பாம் பண்ணினவன் செய்த வேலை. அக்கா தானாகச் சிரித்தால் ஒரு பக்கத்துச் சொண்டு மட்டும்தான் மேலே போகும். அந்தச் சிரிப்பைத் தெரியாதவர்கள்தான் பெட்டிக்குள் கிடந்ததைச் சிரிப்பு என்பார்கள்.

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வள்ளம் வந்ததும் வலையைக் கரையில் போடுவார்கள். நூலில் சிக்கின நண்டைக் கால் முறியாமல் கழற்றி எடுக்கிறது பெண்களின் வேலை. கால் முறிந்தால் விலை போகாது. ஒன்பது வருசம் நானும் அக்காவும் ஒரே வலையின் இரண்டு தலைப்பில் இருந்தோம். ஒவ்வொரு நண்டோடும் அவ கதைப்பா. "ஏன் மோனை இவ்வளவு அவதிப்பட்டு வந்து மாட்டினனீ? உனக்கு அங்கை ஆர் சோறு போடேல்லை?" சினை நண்டு வந்தால் முதலாளி பார்க்காத நேரம் கடலுக்குள் எறிந்துவிடுவா. "போடி, போய்ப் பெத்துப்போட்டு ஆறுதலா வா."

ஒரு நாள் ஒரு பெரிய கடுவன் நண்டு என் பெருவிரலைக் கொடுக்கால் பிடித்து நகத்தோடு பிய்த்துவிட்டது. அக்கா தன் சட்டைத் துணியின் கரையைக் கிழித்துக் கட்டினா. கட்டி முடியுமட்டும் பேச்சு. "வாய் பாத்துக்கொண்டு வேலை செய்தால் விரலும் போகும், மூக்கும் போகும். உன்ரை மூக்குப் போனால் ஒருத்தருக்கும் நட்டமில்லை." எனக்கு நோவுக்குள்ளும் சிரிப்பு. "தாங்ஸ் அக்கா" என்றேன். அவ கட்டின முடிச்சை விட்டுவிட்டு என்னைப் பார்த்தா.

"என்ன, முடிஞ்சுதோ?"

"என்னக்கா முடிஞ்சது?"

"தாங்ஸ் எண்டு சொல்லுறது கதவைச் சாத்திப்போட்டுப் போற மாதிரி. அது திறந்து கிடக்கட்டும். எனக்கொரு நாளைக்கு விரல் போகும்தானே."

இப்படிப்பட்ட மனுசிக்குத்தான் நாங்கள் நன்றி படிப்பிக்கப் போனோம்.

போன வருசம் மாதர் சங்கத்துக்கு ஒரு பிள்ளை பயிற்சி கொடுக்க வந்தது. நல்ல பிள்ளை. நல்ல சாறி. மூக்கைப் பொத்தாமல் எங்களோடு இருந்து தேத்தண்ணி குடித்தது, அதை மறைக்கக் கூடாது. ஆளுக்கொரு கொப்பி தந்தது. அட்டையில் கடலும் கடற்கரையும் ஒரு பெண் கையை விரித்து நிற்கிற படமும். அந்தக் கடலில் ஒரு மீன்செதிள் இல்லை, ஒரு நாய் இல்லை. ஒவ்வொரு நாளும் படுக்க முன்னம் நன்றி சொல்ல மூன்று விசயம் எழுத வேண்டும். அதோடு ஒரு சின்னப் பித்தளை மணியும் தந்தது. கூட்டத்தில் யார் குறை சொன்னாலும் மணியை அடிக்க வேண்டும். அடித்தால் அவர் அந்தக் கதையை விட்டு ஒரு நல்ல விசயம் சொல்ல வேண்டும்.

அக்கா கையை உயர்த்தினா.

"பிள்ளை, வலை கிழிஞ்சு கிடந்தால் கிழிஞ்சு கிடக்கு எண்டு சொன்னால்தானே பொத்தலாம்?"

"அம்மா, நாங்கள் கிழிசலைப் பாக்கிறேல்லை. மிச்சம் இருக்கிற வலையைப் பாக்கிறம்."

"அப்ப நண்டு கிழிசலாலை போகாதோ?"

மணியை யாரிடம் கொடுப்பது என்று பிள்ளை கேட்டதும் எல்லாரும் ஒரே வாயில் என் பெயரைச் சொன்னார்கள். பகிடி விடுகிறதற்கென்றே பிறந்தவள் என்று. நான் எழும்பி வாங்கின கையோடு அக்காவைப் பார்த்து முதல் மணியை அடித்தேன். சங்கக் கொட்டில் முழுக்கச் சிரிப்பு. அக்காவின் ஒரு பக்கத்துச் சொண்டும் மேலே போனது.

எனக்கு அந்த மணி பிடித்துவிட்டது. உண்மையை எழுதுகிறேன். கூட்டத்தோடு விட்டிருக்கலாம், நான் கரைக்கும் கொண்டு போனேன். வெயில் என்றால் மணி. விலை காணாது என்றால் மணி. புருசன் குடிக்கிறான் என்றால் இரண்டு தரம் மணி. முதலாளிக்கு அது நல்ல சந்தோசம். "உங்கடை மணி வந்த பிறகு ஒரு முறைப்பாடும் இல்லை" என்று பல்லைக் காட்டினார். அந்தப் பல்லைப் பார்த்தாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

மாரி தொடங்கின நேரம், தேத்தண்ணிக்கு இருக்கும்போது அக்கா சொன்னா, "அடிவயிறு கல்லுமாதிரிக் கிடக்கடி."

மணி அடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். "நல்லது சொல்லுங்கோ அக்கா" என்றேன். "நல்லது என்னெண்டால், உன்ரை கையிலை இருக்கிறது மணி, மண்வெட்டி இல்லை" என்றா. அதற்கும் சிரித்தோம்.

இரண்டு கிழமைக்குப் பிறகு சோறு இறங்குகுதில்லை என்றா. நான் அடித்துவிட்டு, "மெலிஞ்சு வடிவா வந்திட்டியள், பொசிட்டிவா யோசியுங்கோ" என்றேன். அந்தச் சொல் என் வாய்க்குள் எப்படி வந்து குடியிருந்தது என்று இன்றைக்கும் தெரியாது. வாயைக் கொப்பளித்தாலும் போகுதில்லை.

மூன்றாம் தரம் அவ குறை சொல்லவில்லை. வலையை விட்டு எழும்பினவ இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்தினா. முகம் சாம்பலாய்ப் போயிருந்தது. "என்னக்கா?" என்று கேட்டேன். அவ என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மடியில் கிடந்த மணியைப் பார்த்தா.

"ஒண்டுமில்லை. நல்ல சுகம்."

நான் கை தட்டினேன். சறோசா தட்டினாள். கரையில் இருந்த எல்லாரும் தட்டினார்கள். பிரகாசி அக்காவே திருந்திவிட்டா என்று நான்தான் கத்திச் சொன்னேன். நண்டு அழுகின நாற்றத்தில் இருபது வருசமாய் இருக்கிறேன், ஒரு நாளும் மூக்கைச் சுழித்ததில்லை. அந்தக் கைதட்டல்தான் எனக்கு இப்பவும் நாறுகிறது.

தை மாதம் அவவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனது நான்தான். படம் எடுத்துப் பார்த்த டொக்டர், "ஏனம்மா இவ்வளவு நாளும் வராமல் இருந்தனீங்கள்?" என்று கேட்டார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "வேலை கூட, ஐயா" என்றா. ஆயுளில் அவ யாரையும் குறை சொல்லாமல் விட்டது அந்த ஒரு தரம்தான். அது எனக்காக.

சங்கத்தில் இருந்து பார்க்கப் போனவர்கள் ஒரு வாழ்த்து மட்டை கொண்டு போனார்கள். அதிலும் ரோசாப்பூ. கட்டிலைச் சுற்றி நின்று, "சுகமாகிட்டன் எண்டு நினையுங்கோ அக்கா, மனந்தான் மருந்து" என்று ஆள் மாறி ஆள் சொன்னார்கள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மனம் கிடக்கட்டும். அந்த மூத்திரச் சட்டியை எடுத்துத் தாருங்கோ, எனக்கு அந்தரமாக் கிடக்கு" என்றா. நல்லது நினைக்கச் சொன்ன ஆறு பேரில் சட்டியை எடுக்கக் குனிந்தது ஒருவரும் இல்லை.

அவர்கள் போன பிறகு நான் இருந்தேன். சொல்லாமல் இருக்க எனக்கு ஏலாமல் போய்விட்டது.

"அக்கா, நான் அந்த மணியை அடிக்காமல் விட்டிருந்தால் நீங்கள் முதலே சொல்லியிருப்பியள், என்ன?"

அக்கா முகட்டைப் பார்த்தபடியே சொன்னா.

"நீ அடிச்சது பகிடிக்கு. நானும் சிரிச்சனான். ஆனா றெஜினா, நொந்தது."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

"மன்னிப்பும் தாங்ஸ் மாதிரித்தான், கதவைச் சாத்துற கதை. விடு அதை. காலைப் பிடிச்சு விடு, உளையுது."

பிடித்து விட்டேன். அன்றைக்கு அவ கதைத்தா. தலையணை கல்லு. கஞ்சியில் உப்பில்லை. பக்கத்துக் கட்டில்காரி மூக்கால் செபம் சொல்லுகிறா. பிறகு உள்ளே கிடந்த குறைக்கும் வந்தா. மகள் ஒவ்வொரு காலமையும் பூப்படம் அனுப்புகிறாள், ஆனால் அம்மா எங்கை நோகுது என்று ஒரு நாளும் கேட்கிறாள் இல்லை. கேட்டால் வரவேண்டி வந்துவிடும் என்று பயப்படுகிறாள் போல, பாவம். நிரோ, இதை உன்னை நோகடிக்க எழுதவில்லை பிள்ளை. உனக்குக் கேட்க முடியாமல் போனதை நான் பக்கத்தில் இருந்துகொண்டே கேட்கவில்லை. உன்னைவிட நான்தான் கேவலம். பார்வையாளர் நேரம் முடியுமட்டும் அக்கா ஒவ்வொன்றாய்ச் சொல்லிச் சொல்லி இறக்கினா. கடைசியில் ஒரு பக்கத்துச் சொண்டு மேலே போனது. "இப்ப கொஞ்சம் லேசாக் கிடக்கடி" என்றா.

அதற்குப் பிறகு பதினொரு நாள் இருந்தா. ஒவ்வொரு நாளும் குறை சொன்னா. ஒவ்வொரு நாளும் கேட்டேன்.

இந்த மலரில் போடவென்று அம்மாவின் நன்றிக் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி நிரோ கேட்டாள். அலுமாரிக்குள் உடுப்புக்குக் கீழே கிடந்தது. ஆறேழு பக்கம்தான் எழுதியிருந்தா, ஆணி அடித்த மாதிரி எழுத்து. முதல் நாள்: "இண்டைக்கு நண்டு கடிக்கேல்லை. சறோசா தேத்தண்ணி தந்தவள், சீனி காணாது. றெஜினாக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு, கரை அமைதி." வாசித்துவிட்டு அலுமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நன்றி சொல்லுகிற இடத்திலும் குறை சொல்ல அவவால்தான் ஏலும்.

கடைசியாய் எழுதின பக்கத்தில் முதலாம் இலக்கத்துக்கு நேரே ஒன்றும் இல்லை. இரண்டாவதும் வெறுமை. மூன்றாவதில் இப்படி இருந்தது: "றெஜினா இண்டைக்கு மணியைக் கொண்டுவர மறந்திட்டாள்."

அந்தப் பக்கத்தைத்தான் படம் எடுத்து அனுப்பினேன். நிரோ மூன்று நாள் பதில் போடவில்லை. பிறகு, "போடுங்கோ அன்ரி" என்று மட்டும் எழுதினாள். ஆகையால் நீங்கள் இதை வாசிக்கும்போது எதிர்ப் பக்கத்தில் அந்த எழுத்து இருக்கும்.

மணியைக் கடலில் எறிய நினைத்தேன். எறிந்தால் எனக்கு லேசாகிவிடும் என்றுதான் எறியவில்லை. வீட்டில் கிடக்கிறது. அக்காவிடம் இருந்து நான் வைத்திருக்கிறது அது இல்லை. அவவிடம் யாரும் நேரத்துக்குக் கேட்காமல் போன ஒரு கேள்விதான். சுகமோ என்று நான் இப்போது யாரையும் கேட்பதில்லை. கேட்டால் எல்லாரும் நல்ல சுகம் என்பார்கள், அப்படித்தானே நான் பழக்கி வைத்திருக்கிறேன்.

நேற்றுக் கரையில் சறோசாவிடம் கேட்டேன்.

"எங்கையடி நோகுது?"

அவள் முதலில் என் மடியைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்று கண்டபிறகு, "இடது மார்பிலை ஒரு கட்டி மாதிரி" என்றாள். "மூண்டு மாசமாக் கிடக்கு."

வலையை அப்படியே போட்டுவிட்டு இரண்டு பேரும் பெரியாஸ்பத்திரிக்குப் போக எழும்பினோம். ஏழரை பஸ் நேற்றும் பிந்தித்தான் வந்தது. அது வருமட்டும் பிரகாசி அக்காவுக்காக நான் அதை நன்றாக ஏசினேன்.