மேஜையில் இரண்டு டப்பா

ஆர்வின் ஹாகனிடம் வெடிமருந்தைப் பற்றிக் கேட்டுவிட்டால் மதியச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான். மொன்டானாவில் எங்கள் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் வீட்டிலேயே தோட்டா அடைப்பவர்கள். அதை ஒரு மதமாக்கி அதற்குத் தலைமைப் பூசாரியாகவும் உட்கார்ந்தவர் ஆர்வின் மட்டும்தான்.

அவருடைய மருந்து கடையில் வாங்கிய டப்பாவிலேயேதான் இருக்கும். டப்பாக்கள் லேசான பலகை அலமாரியில் இருக்கும். மனைவியின் தம்பி, மச்சான் டெல்பர்ட் ஒருமுறை தன் மருந்தை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தபோது, ஆர்வின் அதைக் கல்யாண வீட்டில் வைத்துச் சந்தி சிரிக்க வைத்தார். தீப்பட்டாலும் திறந்து கிடக்கும் மருந்து சும்மா எரிந்து போகும், இரும்புக்குள் பூட்டினால் அது வெடிகுண்டு என்று கேக் வெட்டும் வரை விளக்கினார். இன்னொரு முறை தோட்டா அடைக்கும் அறையில் தரையில் சிந்திய மருந்தை உறிஞ்ச மனைவி மார்வா வாக்குவம் கிளீனரைத் தூக்கி வர, மோட்டார் பொறி பட்டால் வீடே போய்விடும் என்று அதன் குறுக்கே விழுந்து படுத்தார். அதோடு மார்வா அந்த அறைக்குத் துடைப்பம்கூட எடுத்துப் போவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலான கட்டளையைச் சுவரில் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார்: மேஜையில் ஒரே ஒரு டப்பா. வேட்டைத் துப்பாக்கிக்கு ஏற்ற மருந்து ஒன்று, கைத்துப்பாக்கிக்கு வேறொன்று. இரண்டும் சாம்பல் நிறப் பொடி, பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். மாற்றிப் போட்டால் சுடுகிறவன் முகத்திலேயே துப்பாக்கி சிதறும்.

வருஷா வருஷம் எல்க் மான் வேட்டை சீசனுக்கு முன்னால் டெல்பர்ட்டுக்கு இருபது தோட்டா அடைத்துக் கொடுப்பது ஆர்வினின் தர்மம். இந்த வருஷம் புதன்கிழமை பாதி அடைத்திருந்தபோது போன் வந்தது. தீயணைப்புத் தொண்டர்கள், ஜனவரியில் வழக்கமான பாதுகாப்புப் பேச்சுக்கு வர முடியுமா என்று கேட்டார்கள். வழக்கமாகப் பாதிக் கூட்டம் தூங்கும் பேச்சு அது. ஆர்வினுக்கு ஜனவரி வரை பொறுமையில்லை, போனிலேயே தொடங்கிவிட்டார். கெட்டுப்போன மருந்து புளித்த வாடை அடிக்கும் என்று சொல்வதற்காகக் கைத்துப்பாக்கி மருந்தையும் அலமாரியிலிருந்து எடுத்து, மூடி திறந்து மோந்து பார்த்தார். நாற்பது நிமிடம் பேசினார். பிறகு அளக்கும் குழாயில் மருந்து தீர்ந்திருந்ததைப் பார்த்து ஊற்றி நிரப்பினார், மிச்சத் தோட்டாக்களை அடைத்தார், ஃபுட்பால் பார்க்கப் போனார். மறுநாள் மார்வா கையில் தோட்டாப் பெட்டி டெல்பர்ட் வீட்டுக்குப் போயிற்று.

வெள்ளிக்கிழமை மதியம் அறையைத் திறந்தார். குழாயில் பாதி மருந்து. மேஜையில் திறந்த டப்பா இரண்டு.

எதிலிருந்து ஊற்றினோம்? சுவரைப் பார்த்தார். சிவப்பு மை அவரைப் பார்த்தது.

மறுநாள் விடிந்தால் சீசன். போனில் சொல்லிவிடலாம்தான், ஆனால் டெல்பர்ட் போனை எடுத்தால் அது அதிசயம். ஆர்வின் வண்டியை எடுத்தார். பதினான்கு மைல் நெடுக, குளிரில் தோட்டாவின் அடியில் பொறி தட்டும் கேப் சரியில்லாமல் போகலாம் என்றும், மருந்துக் கம்பெனியே தப்பு செய்துவிட்டது என்றும் விதவிதமான சாக்குகளைச் சொல்லிப் பார்த்தார். டெல்பர்ட்டுக்கு ஒரு கண் போனாலும் மார்வா தன்னை உயிரோடு விடமாட்டாள் என்ற பயம் ஒன்று. டெல்பர்ட்டுக்குக் கண் போகக் கூடாது என்பதும் இருந்தது, அதை அவர் வெளியே சொல்வதில்லை.

டெல்பர்ட் வாசலில் பிக்கப் வண்டியில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அந்தத் தோட்டாவக் குடு மச்சான்," என்றார் ஆர்வின். "தப்பு நடந்துபோச்சு. மேஜையில ரெண்டு டப்பா இருந்துச்சு. எத ஊத்துனேன்னு தெரியல."

டெல்பர்ட் கயிற்றை நிதானமாக முடிச்சுப் போட்டார். சிரிப்பார் என்று ஆர்வின் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். டெல்பர்ட் சிரிக்காமல் வீட்டுக்குள் போய், ஓர் அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் சுமந்து வந்தார். அதற்குள் பதினோரு சின்னப் பெட்டிகள். ஒன்றின் மூடியும் திறக்கப்படவில்லை.

"பதினோரு வருஷத்துக்கு முன்னால உங்க அறைக்கு வந்தேன் மாமா. அன்னைக்கும் ரெண்டு டப்பா இருந்துச்சு. அன்னையிலேருந்து கடைத் தோட்டாதான்."

"போன வருஷம் வெண்ணெய் மாதிரி போச்சுன்னு சொன்னியேடா."

"போச்சு. கடைத் தோட்டா."

ஆர்வினுக்கு உயிர் திரும்பி வந்தது, மானம் கிளம்பிப் போனது. எது முதலில் நடந்தது என்று அவருக்கே தெரியாது. பெட்டியை வண்டியில் ஏற்றினார். அவ்வளவு நாள் தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். சொன்னால் மறுபடி கேக் வெட்டும் வரை பேசுவீர்களே என்றார் டெல்பர்ட்.

டிசம்பர் பூராவும் இருநூற்று இருபது தோட்டாக்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்தார். அந்த மருந்தை எந்த டப்பாவிலும் திரும்பக் கொட்டாமல், மார்வாவின் தோட்டத்தில் உரமாக மெலிதாகத் தூவினார்.

ஜனவரியில் தீயணைப்பு நிலையத்தில் பேச எழுந்தார். ஒருத்தர் போன் பேசிக்கொண்டே இரண்டாவது டப்பாவைத் திறந்த கதையைச் சொன்னார். கடைசி வரிசையில் டெல்பர்ட் கை தூக்கினார்.

"அந்த ஒருத்தர் பேரு என்ன மாமா?"

ஆர்வின் தண்ணீர் குடித்தார். இன்னொரு மடக்கும் குடித்தார்.

"நான்தான்."

அன்று ஒருவரும் தூங்கவில்லை.