'வரேங்க' என்றொரு மிரட்டல்

ஒரு காலத்தில் அந்த மந்திரவாதி கையைத் தூக்கினால் நகரமே இருண்டுவிடும். நல்லவர்களிடம் அடி வாங்கி ஓடும்போதெல்லாம் வானத்தில் நெருப்பால் "மறுபடி வருவேன்" என்று எழுதிவிட்டுத்தான் ஓடுவார். இப்போது மந்திரத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறார். வேலை இன்னும் கைக்கு வரவில்லை என்பது வேறு விஷயம்.

கிளம்பும்போதுதான் வம்பு. ஒரு கட்டடத்தில் லிஃப்டைச் சரிசெய்துவிட்டு, ஐந்தாவது மாடி டீச்சரிடம் எல்லோரையும்போல "வரேங்க" என்று சொல்லப்போக, அந்த அம்மாள் வெலவெலத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து எங்கேயும் "போறேங்க"தான். அது வீட்டிலும் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

"காலங்காத்தால போறேன்னு என்ன பேச்சு? போயிட்டு வரேன்னு சொன்னா வாய் வலிக்குமா?" என்று மனைவி பிடித்துக்கொள்வாள்.

"சொன்னா ஊரே நடுங்குதேடி" என்பார் பரிதாபமாக.

நேற்று அதே கட்டடத்தில் அதே லிஃப்ட். ஸ்குரூவை முடுக்கிவிட்டு "போறேங்க" என்றார். டீச்சர் வழியை மறித்துக்கொண்டார்.

"வரேன்னு சொல்லிட்டுப் போங்க."

"பயமா இல்லையாம்மா?"

"நீங்க ரிப்பேர் பண்ற லட்சணத்துக்கு, நாளைக்கு நீங்க வராமப் போனாத்தான் பயம்."